மூன்று பயிருக்கு ஓர் ஆண்டு

1940களில் அமெரிக்காவின் கேரட் தோட்டங்களில் ஒரு விநோதமான பழக்கம் பரவியது. உலர்சலவைக் கடைகளில் துணிக்கறை நீக்கப் பயன்பட்ட ஸ்டோடார்ட் கரைப்பான் என்ற பெட்ரோலியத் திரவத்தை விவசாயிகள் அப்படியே வயலின் மேல் தெளித்தார்கள். களைகள் சில மணி நேரத்தில் துவண்டு கருகின. கேரட் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றது.

மற்றச் செடிகளின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும் அந்த எண்ணெய், கேரட்டின் சவ்வை அவ்வளவாக அசைக்கவில்லை. பார்ஸ்லி, செலரி போன்ற உறவுச் செடிகளும் தப்பித்தன. நம் சமையலறைக் கொத்தமல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் இதே குடும்பம்தான். இலையிலும் விதையிலும் மணமுள்ள எண்ணெயைத் தாமே சுரந்து வைத்துக்கொள்ளும் குடும்பம் அது. ஆனால் காலம் தவறக் கூடாது. கிழங்கு திரளத் தொடங்கிய பிறகு தெளித்தால் கேரட்டில் எண்ணெய் வாடை ஏறிவிடும், சந்தையில் விலை போகாது.

இவ்வளவு முரட்டு வழிக்கு அவர்கள் ஏன் இறங்கினார்கள் என்பது கேரட் விதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விதை முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். முளைத்து வரும் இலையும் நூல்நூலாகப் பிரிந்தது. தரையில் நிழல் விழாது. அதற்குள் கீரைக் களையும் புல்லும் முழங்கால் உயரம் வந்துவிடும். களையெடுக்காத கேரட் வயலில் அறுவடை என்று சொல்லிக்கொள்ள ஏதும் மிஞ்சாது. 1960களில் லினுரான் என்ற களைக்கொல்லி வந்தது. களைச்செடி அதைச் சிதைக்க முடியாமல் ஒளிச்சேர்க்கை நின்று சாகிறது. கேரட்டோ தன்னிடம் உள்ள நொதிகளால் அதே மூலக்கூறை உடைத்து நஞ்சற்றதாக்கிவிடுகிறது. ஒரே பாத்தியில், ஒரே தெளிப்பில், இரண்டு செடிகளுக்கு இரண்டு விதி.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் களைக்கொல்லி அறிவியலின் மையம். பூச்சிக்கும் பயிருக்கும் உடலமைப்பில் எவ்வளவோ தூரம். களைக்கும் பயிருக்கும் அப்படியில்லை. இரண்டும் செடி, இரண்டுக்கும் பச்சையம், பல நேரம் இரண்டும் பங்காளிகள். ஒன்றைக் கொன்று மற்றதை விடும் மூலக்கூறு கிடைப்பது அரிது. அப்படிக் கிடைத்தாலும் அது சோளத்துக்கோ சோயாவுக்கோதான் தேடப்பட்டிருக்கும். கேரட்டுக்காக யாரும் தேடுவதில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் மக்காச்சோளம் சுமார் 9 கோடி ஏக்கரில் விளைகிறது. 3 லட்சம் ஏக்கருக்குக் குறைவாகப் பயிராகும் எதையும் அந்நாட்டுப் பூச்சிமருந்துச் சட்டம் சிறுபயிர் என்று வகைப்படுத்துகிறது. கேரட், பூண்டு, பசலை, முட்டைக்கோஸ், புதினா, குருதிநெல்லி என்று மனிதன் தட்டில் வைத்து உண்பவற்றில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் சேரும். ஒரு புதிய பயிர்ப் பாதுகாப்பு மூலக்கூறைக் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவர, 2010–14 காலத்துக் கணிப்பின்படி, சராசரியாக 28.6 கோடி டாலர் செலவும் 11 ஆண்டுகளுக்கு மேல் காலமும் ஆனது. அந்தப் பணத்தைச் சோளத்தில் எடுக்கலாம். புதினாவில் எடுக்க முடியாது.

இன்னொரு பயமும் உண்டு. ஓர் ஏக்கர் சோளம் களைக்கொல்லி பட்டுக் கெட்டால் நட்டம் சில நூறு டாலர். ஓர் ஏக்கர் லெட்டூஸ் கெட்டால் பல ஆயிரம். காய்கறி நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுப்பதால், மண்ணில் தங்கிய மருந்து அடுத்த பயிரையும் கெடுக்கும். விற்பனை துளி, வழக்கு வந்தால் கடல். எனவே மருந்து அந்தப் பயிருக்குப் பாதுகாப்பானது என்று ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்ன பிறகும், நிறுவனங்கள் லேபிளில் அந்தப் பெயரை ஏற்றத் தயங்குகின்றன. லேபிளில் இல்லாத பயிருக்கு அடிப்பது சட்டவிரோதம். எச்ச வரம்பு நிர்ணயிக்காத பயிரில் கண்டறியும் அளவு மருந்து இருந்தாலே அந்த விளைச்சல் கலப்பட உணவாகக் கருதப்படும்.

அந்த வரம்பை நிர்ணயிக்கத் தேவைப்படும் சான்றைத் திரட்டுவது எத்தகைய வேலை என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கேரட்டுக்கு வழக்கமாக நாட்டின் வெவ்வேறு தட்பவெப்பப் பகுதிகளில் எட்டு வயல் சோதனைகள் கேட்கிறார்கள். ஒவ்வொரு வயலிலும் இரண்டு பாத்திகள்: ஒன்றில் மருந்து, மற்றதில் ஏதுமில்லை. தெளிப்பதற்கு முன் ஒவ்வொரு நாசிலின் அடியிலும் அளவுக்குடுவை வைத்து, குறித்த விநாடிகளில் எத்தனை மில்லிலிட்டர் விழுகிறது என்று பிடித்துப் பார்க்கிறார்கள். காற்றின் வேகம், வெப்பம், மண்ணின் ஈரம், தெளிப்பவர் நடந்த வேகம் எல்லாம் வயல் குறிப்பேட்டில் ஏறும். ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, காரணம் குறித்து, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அடித்த எண் என்றென்றும் வாசிக்கும்படி இருக்க வேண்டும். அறுவடை நாளில் மருந்து படாத பாத்தியில்தான் முதலில் தோண்டுவார்கள், கையுறையில் ஒட்டிய துகள்கூட இங்கிருந்து அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக. தழையை வெட்டி, மண்ணைத் தட்டி, பையிலிட்டு, சில மணி நேரத்துக்குள் உறைநிலைப் பெட்டிக்குக் கொண்டுசெல்வார்கள். ஆய்வகத்தில் உலர்பனியோடு சேர்த்து அரைத்துப் பொடியாக்கி மூலக்கூறைத் தேடுவார்கள். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை அளந்தறியும் முறைகள் இன்று சாதாரணமாகிவிட்டன. நூறு டன் கேரட்டில் ஒரே ஒரு கிராம் மருந்து என்பது அதன் பொருள். பத்து லாரிச் சுமை காய்கறியில் ஒரு சிட்டிகையை எண்ணால் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது இன்றும் வியப்பு.

இந்த வேலையைச் சிறுபயிர்களுக்காகச் செய்யவே 1963இல் அமெரிக்க மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையங்களின் இயக்குநர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். ஐஆர்-4 என்று அதை அழைக்கிறார்கள். நெடுங்காலம் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அதன் தலைமையகம் இப்போது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடப்பது. இந்த மருந்தை இந்தப் பயிருக்குச் சோதித்துக் கொடுங்கள் என்று விவசாயி விண்ணப்பிக்கலாம், வேளாண் விரிவாக்க அலுவலர் விண்ணப்பிக்கலாம், ஆய்வாளர் விண்ணப்பிக்கலாம். மருந்து நிறுவனம் மட்டும் விண்ணப்பிக்க முடியாது. ஆண்டுதோறும் எல்லோரும் கூடி, குவிந்த கோரிக்கைகளில் எது முதலில் என்று விவாதித்து முடிவெடுக்கிறார்கள். தேர்வான ஆய்வு வயலில் தொடங்கிப் பதிவாகும் வரை மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும்.

ஆனால் ஐஆர்-4 எவ்வளவு உழைத்தாலும், நிறுவனம் சம்மதிக்காமல் லேபிளில் பயிர் ஏறாது. அந்தச் சம்மதத்தை வாங்க அமெரிக்க நாடாளுமன்றம் எடுத்த வழிதான் இந்தக் கட்டுரையின் பொருள். மானியமாகவோ வரிச்சலுகையாகவோ பணத்தைக் கொடுக்காமல், காலத்தைக் கொடுத்தார்கள்.

அது புரிய, ஒரு வழக்கைத் தொட்டுச் செல்ல வேண்டும். புதிய மருந்தைப் பதிவு செய்ய நிறுவனம் கட்டுக்கட்டாக ஆய்வறிக்கைகளைத் தருகிறது. எலிக்கு என்ன ஆகிறது, மீனுக்கு என்ன ஆகிறது, மண்ணில் எத்தனை நாள் தங்குகிறது. பிற்பாடு வேறொரு நிறுவனம் அதே மருந்தைத் தயாரித்து, என் பொருளும் அதுவேதான், அந்த அறிக்கைகளையே எனக்கும் கணக்கில் கொள்ளுங்கள் என்று கேட்டால்? மறுத்தால், அதே சோதனைகளை அவர்கள் மறுபடி நடத்த வேண்டும். தெரிந்த விடைக்காக இன்னும் ஆயிரக்கணக்கான விலங்குகள் சாக வேண்டும். அனுமதித்தால், முதலில் செலவழித்தவன் ஏமாளி. மான்சாண்டோ நிறுவனம் இதற்காகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் வந்த தீர்ப்பு, ரகசியமாகக் காக்கப்படும் ஆய்வுத் தரவும் அரசியலமைப்பு பாதுகாக்கும் சொத்தே என்றது. அதே மூச்சில், தரவு எந்த நிபந்தனையில் பயன்படும் என்று சட்டம் முன்கூட்டியே சொல்லியிருந்து, அது தெரிந்தே கொடுத்தவர் பின்னால் முறையிட முடியாது என்றும் சொன்னது.

அந்த நிபந்தனை 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்திருந்தது. புதிய மூலக்கூறு பதிவான நாளிலிருந்து 10 ஆண்டுகள், அந்தத் தரவைக் கொடுத்தவரின் அனுமதியின்றி வேறு எவருக்காகவும் பயன்படுத்தக் கூடாது. அதன் பிறகு, தரவு சமர்ப்பிக்கப்பட்டு 15 ஆண்டுகள் ஆகும் வரை, இழப்பீடு தர முன்வருபவர் பயன்படுத்தலாம். தொகையில் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார். இது காப்புரிமையிலிருந்து வேறு. காப்புரிமைக் கடிகாரம் விண்ணப்பித்த அன்றே ஓடத் தொடங்கி, சோதனைக் காலத்திலேயே பாதியைத் தின்றுவிடும். தரவுரிமைக் கடிகாரம் பதிவான அன்றுதான் தொடங்குகிறது. விற்பனை நடக்கும் ஆண்டுகள் மட்டுமே அதில் கணக்கு. நிறுவனத்தின் பார்வையில் அதன் கடைசி ஆண்டுகளுக்கு விலை அதிகம்.

1988க்குப் பின் பழைய மருந்துகள் எல்லாவற்றுக்கும் அரசு புதிய சான்று கேட்கத் தொடங்கியபோது, நிறுவனங்கள் செலவுக்கு அஞ்சி முதலில் வெட்டியது சிறுபயிர்களைத்தான். 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி கையெழுத்தான உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம் நெருக்கடியை இன்னும் கூட்டியது. குழந்தைகளை மனத்தில் வைத்து, ஒரு மருந்து எல்லா உணவு வழியாகவும் உடலுக்குள் சேரும் மொத்த அளவுக்கு அது வரம்பு வைத்தது. மொத்தத்துக்கு வரம்பு என்றால், எந்தப் பயிரை விடுவது என்ற கேள்வி வரும். யாரும் சோளத்தை விட மாட்டார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எனவே அதே சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: மூன்று சிறுபயிர்ப் பயன்பாடுகளைப் பதிவு செய்தால் தரவுரிமை ஓர் ஆண்டு நீளும். ஒன்பது செய்தால் மூன்று ஆண்டு. அதற்கு மேல் இல்லை.

இந்தப் பிரிவின் நுணுக்கங்களில்தான் அதன் அறிவு இருக்கிறது. அந்தப் பதிவுகள், தரவுரிமை தொடங்கிய 7 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். சோதனைக்கே மூன்று நான்கு ஆண்டு ஆகும் என்று பார்த்தோம். ஆகவே முதலில் சோளத்தில் விற்றுப் பார்ப்போம், காய்கறியைப் பிறகு கவனிப்போம் என்று நிறுவனம் உட்கார்ந்திருக்க முடியாது. வெளியிட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே மூலக்கூறைச் சிறுபயிர் ஆய்வாளர்களிடம் கொடுத்தாக வேண்டும். அடுத்து, நீட்டிப்பு தானாகக் கிடைக்காது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனுப் போட வேண்டும். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நான்கில் ஒரு காரணமாவது காட்ட வேண்டும்: அந்தப் பயிருக்குப் போதிய மாற்று மருந்து இல்லை, இருக்கும் மாற்றுகள் மனிதருக்கோ சூழலுக்கோ கூடுதல் ஆபத்து, மருந்துக்கு அடங்காத களைகள் உருவாவதைத் தடுக்க இது உதவும், ஒருங்கிணைந்த மேலாண்மையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. வேளாண் துறையைக் கலந்துதான் முகமை முடிவு செய்யும். நீட்டிப்பு வாங்கிய பிறகு அந்தப் பயிரை லேபிளிலிருந்து எடுத்துவிட்டாலோ, அந்தப் பயிருக்கு உண்மையில் விற்காமல் இருந்தாலோ, நீட்டிப்பு போய்விடும்.

பயிர்களை எண்ணும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு காய்க்கும் தனித்தனிச் சோதனை நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால் முகமை பயிர்களைக் குடும்பம் குடும்பமாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பிரதிநிதிகளை வைத்திருக்கிறது. பூசணிக் குடும்பத்துக்கு வெள்ளரி, முலாம்பழம், கோடைப் பூசணி ஆகிய மூன்றும் பிரதிநிதிகள். இவற்றில் எச்சச் சோதனை செய்தால் முழுக் குடும்பத்துக்கும் வரம்பு கிடைக்கும். அந்தப் பட்டியலில் பாகற்காய் இருக்கிறது, பீர்க்கங்காய் இருக்கிறது, சுரைக்காய், வெள்ளைப்பூசணி எல்லாம் இருக்கின்றன. நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இந்திய, சீனக் கடைகளுக்காகப் பாகல் பயிரிடுபவருக்காக யாரும் தனிச் சோதனை நடத்தப்போவதில்லை. வெள்ளரியின் தோளில் ஏறித்தான் பாகற்காய் சட்டத்துக்குள் வருகிறது. நீட்டிப்புக் கணக்கில், தரவு கொடுத்த ஒவ்வொரு பிரதிநிதிக்கும் ஒரு பயன்பாடு. ஆக, ஒரு பூசணிக் குடும்பம் முழுதாகப் பதிவாகி, காரணங்களும் ஏற்கப்பட்டால், சரியாக ஓர் ஆண்டு.

இந்தக் காலத்துக்கான விலையை யாரோ கொடுக்கத்தானே வேண்டும்? பெரும்பாலும் சோளமும் சோயாவும் போடுபவர்கள்தான் கொடுக்கிறார்கள். அதே களைக்கொல்லியின் மலிவான நகல் அவர்களுக்கு மூன்று ஆண்டு வரை தாமதமாகக் கிடைக்கும். கேரட்டுக்கான செலவைச் சோளம் சுமக்கிறது. நகல் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இதில் மனக்குறை இருப்பது இயல்பு. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: வயலில் தெளித்து, தோண்டி, அரைத்து, அளந்தது பல நேரம் ஐஆர்-4, அதாவது மக்கள் பணம். கூடுதல் ஆண்டுகளின் லாபம் நிறுவனத்துக்கு. எவர் பணத்தில் சோதித்தது என்பதைப் பொறுத்து ஆண்டுகளைக் குறைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனாலும் இந்த ஏற்பாட்டையே குறை சொல்ல மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் இருக்கிறது.

டிசிபிஏ என்ற களைக்கொல்லி 1958இல் பதிவானது. புரோக்கோலி, முட்டைக்கோஸ், வெங்காயம் போடுபவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பியிருந்தார்கள். அந்தப் பயிர்களுக்கு வேறு மருந்துகள் குறைவு. தைராய்டு சுரப்பியை அது பாதிக்கிறதா என்று அறியும் ஆய்வை 2013இல் முகமை கேட்டது. அது வந்து சேர 2022 ஆகிவிட்டது. வந்த பிறகு தெரிந்தது: அந்த மருந்தைக் கையாளும் கர்ப்பிணியின் உடலில் சேரும் அளவு, வயிற்றிலுள்ள சிசுவுக்குப் பாதுகாப்பான அளவைப் போல 4 முதல் 20 மடங்கு வரை இருக்கலாம். தெளித்த 12 மணி நேரத்தில் வயலில் இறங்கலாம் என்று லேபிள் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபத்தோ சில வயல்களில் 25 நாட்களுக்கு மேல் நீடித்தது. 2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி முகமை அவசரத் தடை விதித்தது. அப்படியோர் அவசரத் தடை ஏறக்குறைய 40 ஆண்டுகளில் அதுவே முதல். முட்டைக்கோஸ் வயலில் குனிந்து நின்ற எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் என்று யாராலும் இனி எண்ணிச் சொல்ல முடியாது.

புதிய மருந்து வராத பயிர் பழைய மருந்தில் தேங்கிவிடுகிறது. பழைய மருந்தைப் பற்றிப் புதிய கேள்வி கேட்க எவருக்கும் அவசரமில்லை.

மருந்தே வேண்டாம், கைக்களை எடுக்கலாமே என்பதற்கும் வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் வயல்களில் மெக்சிகோத் தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்துகளைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க இடுப்பை மடித்தே வேலை செய்ய வேண்டும். நிமிர்ந்தால் வேலை செய்யவில்லை என்பது மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்து முடங்கியவர்கள் வழக்குத் தொடுத்து, 1975இல் அந்தக் கருவியைத் தடைசெய்ய வைத்தார்கள். குனிந்து கையால் களை பறிக்கவைப்பதற்கும் அம்மாநிலம் 2004இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. களைக்கொல்லி இல்லாத காய்கறி என்று நாம் விரும்பிக் கேட்கும்போது, அந்தக் களையை எடுத்தது யாருடைய முதுகு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மற்ற நாடுகளும் காலத்தைக் கொண்டே விலை பேசுகின்றன, விகிதம்தான் மாறுகிறது. கனடாவில் மூன்று சிறுபயன்பாட்டுக்கு ஓர் ஆண்டு, உச்சம் ஐந்து ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் சிறிய சில்லறையாக எண்ணுகிறது: ஒரு சிறுபயன்பாட்டுக்கு மூன்று மாதம், சாதாரண மருந்துக்கு மொத்தம் 13 ஆண்டைத் தாண்டக் கூடாது. 2017இல் அங்கே லினுரானின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். கேரட் விவசாயிகள் மறுபடி மாற்றுத் தேட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, ஒருவர் ஒரு மருந்தைப் பதிவு செய்துவிட்டால் அடுத்து வருபவருக்கும் அதே நிபந்தனையில் பதிவு கிடைக்கும். தரவுரிமை என்று ஒரு பிரிவு அதில் இல்லை. சத்வந்த் ரெட்டி குழு 2007இல் வேளாண் ரசாயனங்களுக்கு மூன்று ஆண்டுப் பாதுகாப்பு தரலாம் என்று பரிந்துரைத்தது. மலிவான மருந்து நம் சிறு விவசாயிக்குத் தேவை என்பதால் அதை எதிர்ப்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் பாதுகாப்பு கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. கொடுத்தால் பதிலுக்கு எதைக் கேட்பது என்பது பேசப்படுவதில்லை. அப்படி ஒரு நாள் கொடுப்பதானால், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாகக் கொத்தமல்லி, முருங்கை, சின்ன வெங்காயம், பாகல் என்று பெயர் குறித்து லேபிளில் ஏற்றச் சொல்லலாம். விற்காமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையையும் சட்டத்திலேயே எழுதிவைக்கலாம்.